யார் இந்த வி.எஸ்.அசரியா? மிஷனரிகளையே கேள்வி கேட்ட நெல்லைச் சீமைத் தமிழர்... முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப்பான கதை!

1910-ம் ஆண்டு ஜூன் மாதம். ஸ்காட்லாந்தின் எடின்பர்க் நகரில் உலக மிஷனரி மாநாடு. சுமார் 1,200 பிரதிநிதிகள். அதில் ஆசியர்கள் மிகச் சிலர்தான். அந்த மேடையில் ஏறிய 35 வயது தமிழர் ஒருவர், வந்திருந்த வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்தே குறை சொன்னார். அவர்தான் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

அப்படி என்ன சொன்னார்?

மிஷனரிகள் இந்தியர்களுக்காக உழைத்ததை அவர் மறுக்கவில்லை. நன்றியும் சொன்னார். ஆனால் கூடவே வேலை செய்யும் இந்தியப் போதகர்களை மேலிருந்து கீழே பார்க்கும் பழக்கம் போகவில்லையே என்று கேட்டார். தியாகம் செய்தீர்கள், பணம் கொடுத்தீர்கள், இனி நட்பையும் கொடுங்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த மாநாட்டில் இன்றைக்கும் அதிகம் நினைக்கப்படும் பேச்சு அதுதான்.

வெள்ளாளன்விளை டூ டோர்னக்கல்

1874 ஆகஸ்ட் 17-ல், அன்றைய திருநெல்வேலி மாவட்டம் வெள்ளாளன்விளையில் பிறந்தார் அசரியா. அப்பா கிராமத்து சபையின் போதகர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். கடைசித் தேர்வு நேரத்தில் உடம்பு சரியில்லாமல் போக, பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். (பின்னாளில் 1920-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது தனிக்கதை!)

அதன்பிறகு ஒய்.எம்.சி.ஏ. வேலை. 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ் கிறிஸ்தவர்கள் தாங்களே ஊழியர்களை வெளியூருக்கு அனுப்புவதைப் பார்த்தார். நம்மால் ஏன் முடியாது என்ற கேள்வி எழுந்தது. அடுத்த ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. ஆளும் நம்ம ஆள், பணமும் நம்ம பணம் என்பதுதான் கொள்கை.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு அவர் ஒதுங்கவில்லை. 1909-ல் நிஜாம் ஆட்சியில் இருந்த டோர்னக்கல்லுக்கு (இன்றைய தெலங்கானா) தானே கிளம்பினார். தெலுங்கு கற்றுக்கொண்டார்.

பிஷப் ஆனதில் என்ன சிக்கல்?

இந்தியர் ஒருவர் பிஷப் ஆவதா என்று ஐரோப்பியர்கள் சிலர் தயங்கினார்கள். உள்ளூர் கிறிஸ்தவர்களிலும் எதிர்ப்பு இருந்தது. அதையும் மீறி 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

டோர்னக்கல் சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் மாலா, மாதிகா என்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போன அசரியா, பிரசங்கத்தோடு நிறுத்தவில்லை. அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் எதிரிகள் என்றார். பள்ளிகள், மருத்துவமனைகள், கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. ஏழைப் பெண்கள் உலை வைக்கும்போது எடுத்துவைக்கும் பிடி அரிசி, சபையின் காணிக்கையானது. ஆனாலும் மாலா, மாதிகா இடையிலான பிரிவினை சபைக்குள்ளும் தொடர்ந்தது. கடைசி வரை அவரை வாட்டிய பிரச்சினை அது.

காந்தியுடன் என்ன மோதல்?

சேவை செய்யுங்கள், மதம் மாற்றாதீர்கள் என்பது காந்தியின் நிலைப்பாடு. எந்த மதத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது ஒடுக்கப்பட்ட மனிதனின் உரிமை என்பது அசரியாவின் பதில். இருவரும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. அதேசமயம், கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்றும் அசரியா சொன்னார். சபை என்பது சீட்டுக் கணக்கு பார்க்கும் இன்னொரு சாதி ஆகிவிடக்கூடாது என்பது அவரது பயம்.

பார்க்காமலே போன கனவு

ஐரோப்பாவில் உருவான சபைப் பிரிவுகளை இந்தியக் கிராமத்தான் ஏன் சுமக்க வேண்டும்? இந்தக் கேள்வியோடு 1919-ல் தரங்கம்பாடியில் சபை ஒன்றிப்புப் பேச்சைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் அசரியா. பேச்சு கால் நூற்றாண்டுக்கு மேல் இழுத்தது. 1945 ஜனவரி 1-ல் டோர்னக்கல்லில் அவர் காலமானார்.

இரண்டே முக்கால் ஆண்டு கழித்து, 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. நமக்குப் பழக்கமான சி.எஸ்.ஐ. அதுதான். ஊரில் சி.எஸ்.ஐ. என்ற பலகையைப் பார்த்தால், அதற்குப் பின்னால் வெள்ளாளன்விளைக்காரர் ஒருவரின் உழைப்பும் இருக்கிறது.