மலைப் பாதைக்காக முப்பது ஆண்டுகள்

ரொம் ஸ்டீவன்சன் 13 வயதில் இங்கிலாந்தின் லங்காஷயரில் துணி அச்சிடும் ஆலையொன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். ஓய்வு நாட்களில் பென்டில் குன்றில் ஏறுவார். அக்காலத்தில் வட இங்கிலாந்தின் மேட்டுநிலங்கள் பல, செல்வந்தர்களின் பறவை வேட்டைக்காக மூடப்பட்டிருந்தன. உள்ளே கால் வைத்தால் காவலாட்கள் விரட்டுவார்கள்.

முதலாம் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்துச் சிறை சென்றார். நிலவியல் படிக்கக் கிடைத்த புலமைப்பரிசிலும் பறிபோனது. போரில் படிப்பை இழப்பது எப்படியென்று நமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பின்னர் பத்திரிகையாளரானார். பெனைன் மலைத்தொடர் நெடுகப் பொதுப்பாதை வேண்டுமென 1935இல் டெய்லி ஹெரால்டில் எழுதினார். எழுதியதோடு நின்றுவிடவில்லை. 1948இல் நாடாளுமன்ற உறுப்பினர்களை அந்த மலைகளில் நடக்க அழைத்துச் சென்றார். மறு ஆண்டே தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறியது. ஆனாலும் காணி உரிமையாளர்களிடம் துண்டு துண்டாக வழியுரிமை பெற்று, 268 மைல் பாதையும் திறக்க 1965 ஆகிவிட்டது.

அவர் 1987இல் காலமானார். பாதைக்கு வந்த கூட்டத்தால் சதுப்பு மண் சேறாகியது; சேற்றை விலத்தி ஓரமாக நடந்தவர்களால் புல்லும் அழிந்தது. பீக் மாவட்டத் தேசியப் பூங்காவில் அதற்கு மாற்றாகக் கற்பலகைகள் பதித்தார்கள். அவற்றில் பல, இடிக்கப்பட்ட பழைய நெசவாலைகளின் தரைக்கற்கள்.