லண்டனில் ஆடிட்டர் படிப்பு... கிராமத்தில் நெல் கணக்கு! யார் இந்த ஜே.சி. குமரப்பா?

சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்கரணை... தாம்பரத்தைச் சுற்றி இத்தனை ஏரிகள் ஏன் இருக்கு? வேடிக்கை பார்க்க வெட்டியது இல்லை. மதகைத் திறந்தால் கீழே இருக்கும் நெல் வயலுக்குத் தண்ணீர் பாயும். இப்போ அந்த வயல்கள் பெரும்பாலும் வீடுகளாகிவிட்டன. அரிசியும் காய்கறியும் வெளியூரிலிருந்து லாரியில் வருது.

ஒரு பகுதி மக்கள் தங்கள் சாப்பாட்டைத் தங்கள் மண்ணிலேயே விளைவிக்க முடியுமா? சுதந்திரத்துக்கு முன்பே இதற்குக் கணக்குப் போட்டவர் தஞ்சாவூர்க்காரரான ஜே.சி. குமரப்பா.

கணக்கர் காந்தியவாதி ஆனது எப்படி?

1892 ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போதைய பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். லண்டனில் ஆடிட்டர் படிப்பு, பம்பாயில் தொழில் என்று வசதியான வாழ்க்கை. பிறகு அமெரிக்கா போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். அரசின் வரியும் செலவும் இந்தியாவை எப்படி ஏழையாக்கின என்பதுதான் அவருடைய ஆய்வு.

1929-ல் அந்த ஆய்வோடு சபர்மதிக்குப் போய் காந்தியைச் சந்தித்தார். காந்தி அவரிடம் கொடுத்த வேலை, குஜராத்தின் மாதர் தாலுகா கிராமங்களின் நிலைமையைக் கணக்கெடுப்பது. மாணவர்களோடு 54 கிராமங்களுக்குப் போய் நிலம், வரி, கடன், மாடு என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார். கோட்டு சூட்டு போய் கதர் வந்தது. குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவே அவர் பெயரானது.

அவர் போட்ட கணக்கு என்ன?

1934-ல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது, வார்தாவில் அதன் செயலாளராக இருந்து நடத்தியவர் குமரப்பா. கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், தேனீ வளர்ப்பு, எரு தயாரிப்பு எல்லாம் அங்கே நடந்தன.

சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் பகுதியை அவர் ஒரு அலகாக எடுத்துக்கொண்டார். அவர்களுக்குச் சத்தான சாப்பாடு கிடைக்க தானியம், பருப்பு, எண்ணெய் வித்து, காய்கறி, பழம் எவ்வளவு வேண்டும்? அதற்கு எவ்வளவு நிலம் ஒதுக்கணும்? முதலில் ஊருக்குச் சோறு, பிறகுதான் சந்தைக்குப் பணப்பயிர் என்பது அவர் கொள்கை.

பனை வெல்லத்தை அவர் ஆதரித்த காரணமும் இதுதான். பனை தரிசிலும் வளரும். கரும்போ நெல் விளையும் நல்ல நிலத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மண்ணிலிருந்து எடுத்தது எருவாக மண்ணுக்கே திரும்பணும் என்பதில் அவர் கறாராக இருந்தார். மாடு உழவும் செய்யும், எருவும் தரும். டிராக்டர் உழ மட்டும்தான் செய்யும் என்பது அவர் வாதம். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எழுதிய 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய நூலில் இந்தச் சிந்தனைகளை விரித்து எழுதினார்.

சொந்தக் கட்சியோடு ஏன் மோதல்?

1938-ல் நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் குமரப்பாவும் இருந்தார். அங்கே பெரிய தொழிற்சாலைகளுக்கே முக்கியத்துவம் என்பதால் சீக்கிரமே விலகிவிட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். உழுபவருக்கே நிலம், நிலத்துக்கு உச்சவரம்பு என்று 1949-ல் வந்த அறிக்கை பரிந்துரைத்தது. நாடோ பெரிய அணை, பெரிய ஆலை என்ற பாதையில் போனது.

கடைசி நாட்கள்

உடல்நிலை மோசமான பிறகு மதுரை பக்கம் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1960 ஜனவரி 30, காந்தியின் நினைவு நாளிலேயே சென்னையில் காலமானார்.

இப்போ எதுக்கு இவர்?

தாம்பரத்தில் வயல்களைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனா மிச்சம் இருக்கும் ஏரியைக் காப்பாற்றலாம். குப்பை வண்டியில் போகும் காய்கறித் தோலை எருவாக்கி, மொட்டை மாடித் தொட்டியிலோ பக்கத்து ஊர் நிலத்திலோ போடலாம். குமரப்பாவின் கணக்கில் இதுவும் வரவுதான்.