14 மாணவர்களுடன் தொடங்கிய ஓவியப் பள்ளி: யார் இந்த லிம் ஹாக் தாய்?

பென்கூலன் ஸ்ட்ரீட் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்குள்ள நன்யாங் நுண்கலைக் கழகத்தை 'நாஃபா'ன்னு சொன்னால் பலருக்கும் தெரியும். அதைத் தொடங்கியவர் யார்னு கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்போம்.

அவர் லிம் ஹாக் தாய்.

சீனாவின் சியாமென் நகரில் 1893இல் பிறந்தவர். அங்கே ஓவிய ஆசிரியராக இருந்தார். 1937இல் ஜப்பான் சீனாமீது போர் தொடுத்தது. ஊரைவிட்டுக் கிளம்பியவர் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்.

கேலாங்கில் ஒரு வீடு

அடுத்த ஆண்டே, கேலாங்கில் ஒரு வீட்டில் பள்ளியைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் 14 பேர். அவ்வளவுதான்.

நாலு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. போர் இங்கேயும் வந்துவிட்டது. ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் பள்ளி மூடிக் கிடந்தது. 1946இல் செயின்ட் தாமஸ் வாக்கில் அதை மீண்டும் திறந்தார்.

அவர் கேட்டது என்ன?

'நன்யாங்' என்றால் தென்கடல். சீனர்கள் தென்கிழக்காசியாவை அப்படித்தான் அழைத்தார்கள். பெயரிலேயே அவருடைய எண்ணம் தெரிகிறது. விட்டு வந்த ஊரை நினைத்து வரைவதைவிட, வாழும் ஊரைப் பார்த்து வரைய வேண்டும் என்று அவர் விரும்பினார்.

1955இல் அதை 6 கொள்கைகளாக எழுதினார். அவற்றில் முக்கியமான மூன்று:

• பல இனங்களின் பண்பாடுகள் ஒன்றுகலக்க வேண்டும்
• கிழக்கத்திய, மேற்கத்தியக் கலைகளுக்குப் பாலம் அமைக்க வேண்டும்
• இந்த வெப்பமண்டல மண்ணின் வாசம் ஓவியத்தில் தெரிய வேண்டும்

சியோங் சூ பியெங், சென் வென் ஷி, ஜார்ஜெட் சென் போன்றோர் அங்கே கற்பித்தனர். 'நன்யாங் பாணி' என்றதும் இன்று நினைவுக்கு வரும் பெயர்கள் அவை.

சொன்னதைச் செய்தவர்

அதே 1955இல் ஹாக் லீ பேருந்துக் கலவரம் சிங்கப்பூரை உலுக்கியது. அந்த ஆண்டு லிம் வரைந்த ஓர் ஓவியத்தின் பெயர் 'கலவரம்'. அழகான காட்சிகள் மட்டுமல்ல, ஊரின் கொந்தளிப்பும் ஓவியத்துக்குரியதுதான் என்பதை அது காட்டுகிறது.

1963இல் காலமாகும்வரை அவரே பள்ளியின் முதல்வர். பிறகு மகன் லிம் யூ குவான் பொறுப்பேற்றார்.

2024இல் நாஃபாவும் லாசால் கலைக் கல்லூரியும் இணைந்த சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் செயல்படத் தொடங்கியது.

1965இல் சிங்கப்பூர் தனி நாடானதை லிம் பார்க்கவில்லை. ஆனால் இந்த ஊருக்குன்னு ஒரு முகம் இருக்குன்னு அதற்கு முன்பே மாணவர்களை வரையச் சொன்னவர் அவர்.