பிடியரிசியால் வளர்ந்த வித்தியாசாலை

கோயில் கட்டுதல் புண்ணியமென்பது நம்மவர் யாவரும் அறிந்தது. பள்ளிக்கூடம் அமைத்தலும் அதனோடொத்த புண்ணியமேயென்று யாழ்ப்பாணத்துச் சைவர்க்கு உணர்த்தி, அதனைச் செய்துங் காட்டியவர்கள் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள். அவர்கள் சரித்திரத்திலே உபாத்தியாயர்களாகிய நாம் சிறப்பாகச் சிந்திக்கற்பாலது இப்பகுதியேயாம்.

நாவலரவர்கள் 1822ஆம் ஆண்டு, சித்திரபானு வருடம் மார்கழி மாதத்திலே, கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் புத்திரராய்த் தோன்றினார்கள். உவெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலங் கற்று, அங்கேயே உபாத்தியாயராயும் அமர்ந்தார்கள். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலும் உதவினார்கள். வகுப்பு வகுத்தல், காலவரையறை செய்தல், அச்சுப் புத்தகங்கொண்டு படிப்பித்தல் முதலிய ஒழுங்குகளை அங்கே நன்கறிந்தார்கள். மிஷன் பாடசாலையிற் படித்த என்போல்வார் இதனைச் சொல்ல நாணவேண்டுவதில்லை. நன்முறை எங்கிருப்பினுங் கொள்ளத்தக்கதே. ஆயினும், கல்வியை நாடிச் சென்ற சைவப் பிள்ளைகள் பலர் தஞ்சமயத்தை இழத்தலையும் அவர்கள் கண்டு வருந்தினார்கள்.

1847ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே பிரசங்கஞ் செய்யத் தொடங்கினார்கள். பிரசங்கம் மூத்தோரைத் திருத்தும். சிறுவரைத் திருத்துவது பள்ளிக்கூடமே. ஆதலால், 1848ஆம் ஆண்டு, கீலக வருடம் ஆவணி மாதத்திலே, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். சிறிது காலத்துள் மிஷன் உத்தியோகத்தையும் விட்டார்கள். இல்லறத்தை விரும்பாது, வேதனமும் வாங்காது, அவ்வித்தியாசாலைக்கே தம்மை உரியராக்கினார்கள்.

அரசாங்க உதவி இல்லை. மிஷனாருக்குப் போலப் பிறதேசத்துப் பணமும் இல்லை. கைவந்தது ஊராருடைய தருமமே. பொருளுடையோர் பொருள் கொடுத்தனர். அஃதில்லாதோர் பிடியரிசி கொடுத்தனர். உலையிலிடும் அரிசியில் நாடோறும் ஒரு பிடியை வேறாக எடுத்து வைத்தல் ஏழை வீட்டுக்கும் இயலுவதே. அப்பிடி சிறிதாயினும், அதனைக் கொடுத்த வீட்டார்க்கு அப்பள்ளிக்கூடம் தம்முடையதாயிற்று. இவ்வுரிமை தனவந்தரொருவர் ஒருங்கே கொடுக்கும் பெருந்தொகையால் வருவதன்று.

படிப்பிக்கப் புத்தகம் வேண்டுமன்றோ? 1849ஆம் ஆண்டு சென்னைக்குச் சென்று அச்சியந்திரங் கொணர்ந்தார்கள். அப்பிரயாணத்திலேயே திருவாவடுதுறை ஆதீனத்தார் நாவலர் என்னும் பட்டத்தை அளித்தனர். வித்தியாநுபாலன யந்திரசாலை என்னும் அவ்வச்சுக்கூடத்தின் பெயரே அதன் நோக்கத்தைக் காட்டும். பாலபாடங்களும் சைவவினாவிடையும் எழுதிப் பதிப்பித்தார்கள். 1864ஆம் ஆண்டு சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலையைத் தாபித்தார்கள். வண்ணார்பண்ணை வித்தியாசாலையோ, இருபது வருடங்களுக்கு மேலாக அரசாங்க நன்கொடையின்றியே நடந்தது.

அவர்கள் எடுத்தவையெல்லாம் நிலைபெற்றனவென்று சொல்லுதல் உண்மையாகாது. 1872ஆம் ஆண்டு தொடங்கிய சைவாங்கில வித்தியாசாலை பொருள் முட்டுப்பாட்டினாற் சில வருடங்களுள் மூடப்பட்டது. பிரசங்கத்தைப் புகழ்ந்து கேட்டோர் பலர். தவறாது கொடுத்தோர் சிலர். எனினும் அவ்வெண்ணம் மாண்டுபோகவில்லை. நாவலரவர்கள் 1879ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்திலே சிவபதமடைந்தார்கள். 1890ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. 1923ஆம் ஆண்டிலே தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் கிராமங்கள்தோறும் சைவப் பள்ளிக்கூடங்களை வளர்த்தது.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அப்பள்ளிக்கூடங்களிற் பெரும்பாலன அரசாங்கத்தின் வசமாயின. நமக்குச் சம்பளமும் அரசாங்கத்தாலேயே வருகின்றது. ஆயினும், 2009ஆம் ஆண்டு முடிந்த போரிலே சிதைந்த கிராமப் பள்ளிக்கூடங்கள் பலவற்றின் கூரையும் சுவரும் தருமவான்களுடைய கையை நோக்கியே மீண்டும் எழுந்தன. கொடுப்பவர் முதலிற் பார்ப்பது கட்டடத்தை அன்று. காலந்தவறாது வந்து, கருத்தோடு படிப்பிக்கும் உபாத்தியாயரையே. தம் வேதனத்தை வேண்டாது நின்ற ஒருவரை நம்பியே வண்ணார்பண்ணையார் பிடியரிசி இட்டனர். அந்நம்பிக்கைக்கு நாமும் உரியராயின், திருவருள் துணைநிற்கும். கொடுக்குங் கையும் குறையாது.