நாடோடிப் பாடகர் வூடி கத்ரி

அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தில் 1912-ஆம் ஆண்டு பிறந்தவர் வூடி கத்ரி. 1930-களில் அங்கே மழை பொய்த்தது. புழுதிப் புயல் விளைநிலங்களைப் பாழாக்கியது. பிழைப்புத் தேடி மேற்கே கலிபோர்னியாவுக்குப் புறப்பட்ட ஏழைகளோடு இவரும் சென்றார். வழியில் பெயர்ப்பலகை எழுதியும் கித்தார் இசைத்தும் வயிறு கழுவினார். பழத்தோட்டத் தொழிலாளரின் முகாம்களில் அவர்தம் துயரையே பாட்டாக்கிப் பாடினார்.

எத்தனையோ பாடல்கள் இயற்றினார். எனினும் ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும்.

1948 சனவரி 28-ஆம் நாள் கலிபோர்னியாவில் ஒரு விமானம் விழுந்து 32 பேர் மாண்டனர். அவர்களுள் 28 பேர் மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பண்ணைத் தொழிலாளர்கள். பெரிய செய்தித்தாள்கள் விமானி முதலானோரின் பெயர்களை வெளியிட்டன. தொழிலாளரையோ, நாடு கடத்தப்பட்டோர் என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டன. கூலிக்காரனுக்குப் பெயர் எதற்கு என்று எண்ணினார்கள் போலும்! இது கத்ரியின் நெஞ்சைச் சுட்டது. மாண்டவர்களைத் தம் நண்பர்களாகப் பாவித்து, பெயர் சொல்லி விளித்துப் பாட்டெழுதினார்.

பின்னர்ப் பரம்பரை நரம்பு நோயால் பல்லாண்டு துன்புற்று, 1967-இல் மறைந்தார். பாட்டு மறையவில்லை. அத்தொழிலாளர்களை ஒரே குழியில் புதைத்த பிரெஸ்னோ நகரக் கல்லறையில் 2013-ஆம் ஆண்டு புதிய கல் நாட்டப்பட்டது. அதில் 28 பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன.