தாய் சேய் நலம் காத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

தமிழகத்து ஏழைக் கர்ப்பிணித் தாய்மார் அரசின் மகப்பேறு உதவியைப் பெற வேண்டுமாயின், ஒரு பெண்மணியின் பெயரைச் சொல்லியே விண்ணப்பிக்கின்றனர். அப்பெயருக்கு உரியவரை நம் மாணவச் செல்வங்கள் அறிந்திருத்தல் வேண்டும் என்ற விருப்பால் இச்சிறு வரலாற்றை எழுதப் புகுந்தோம்.

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், தாயார் சந்திரம்மாள். மகாராஜா கல்லூரியிற் சேர அவர் முனைந்தபோது எதிர்ப்பு மூண்டது. ஆண்பிள்ளைகள் பயிலும் இடத்தில் பெண்ணொருத்தி எவ்வாறு அமரலாம் என்றனர். மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் இசைந்தமையாலேயே கல்லூரிக் கதவு திறந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் புகுந்து, 1912இல் மருத்துவராக வெளிவந்தார். 1925இல் பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேலும் கற்க இங்கிலாந்து சென்றார்.

பிரசவத்தில் தாய் மடிவதும், பிறந்த மகவு ஆண்டு நிறைவு காணாது மறைவதும் விதி என்று மக்கள் ஆறியிருந்த காலம் அது. முத்துலட்சுமி அம்மையார் அவ்வாறு ஆறியிருக்கவில்லை. 1926இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, பிரித்தானிய இந்தியாவின் முதற் பெண் சட்டமன்ற உறுப்பினரானார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும், பள்ளிப் பிள்ளைகளை மருத்துவர் முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என அங்கே வாதாடினார். தேவதாசி முறையை ஒழிக்கவும் போராடினார். அதற்குரிய முழுமையான சட்டம் 1947இலேயே நிறைவேறியது. காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து 1930இற் பதவி துறந்தார். ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு அவர் அமைத்த அவ்வை இல்லமும், உடன்பிறந்த தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரில் முளைத்து 1954இல் அடையாற்றில் எழுந்த புற்றுநோய் மருத்துவமனையும் பலரும் அறிந்தவை. 1968 ஜூலை 22இல் மறைந்தார்.

நாம் ஊரில் ஆசிரியராயிருந்து பின் இடம்பெயர்ந்தோர் முகாமில் வாழ்ந்த நாள்களில், ஒரு பேணி பால்மாவுக்காகக் கைக்குழந்தையுடன் வெயிலில் வரிசையில் நின்ற தாய்மாரைக் கண்டிருக்கிறோம். பிள்ளைக்குக் கரைத்துக் கொடுத்துவிட்டு அவர்கள் வெறுந்தேநீர் குடிப்பார்கள். தாய் உண்ணாவிட்டால் சேய்க்குப் பால் ஏது? இதனை மருத்துவரான அம்மையார் நன்கு அறிந்தவர்.

அவர் பெயரால் தமிழக அரசு நடத்தும் மகப்பேறு உதவித் திட்டத்தின் தொகை 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ஆகவும், 2018இல் 18,000 ஆகவும் உயர்ந்தது. தொகை முழுவதையும் காசாகக் கொடுத்தால் அது வீட்டின் வேறு செலவுகளில் கரைந்துவிடக்கூடும் அல்லவா? 18,000 ஆக்கியபோது அதில் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் இரண்டு சேர்க்கப்பட்டன. சத்துமாவு, நெய், இரும்புச்சத்து மருந்து ஆகியவற்றுடன், ஷரஃபியாவின் கடைகளில் நாம் நாளும் காணும் பேரீச்சம்பழமும் அப்பெட்டகத்தில் இடம்பெற்றது.