கண்ணை இழந்த பிறகு அணையாத அடுப்பைச் செய்தவர்: யார் இந்த குஸ்தாஃப் டாலேன்?

ஆங்கிலத் தொடர்களில் வரும் பழைய கிராமத்து வீடுகளில் ஒரு அடுப்பைப் பார்த்திருப்பீங்க. பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி கனமான வார்ப்பிரும்பு உடம்பு, மேலே இரண்டு வட்ட மூடிகள், முன்பக்கம் சின்னச் சின்னக் கதவுகள். அதைப் பற்றவைக்கிற காட்சியே வராது. ஏன்னா அது எப்போதும் சூடாகவே இருக்கும். பெயர் 'ஆகா'. நம்மூர் ஆச்சரியச் சொல் இல்லை, ஒரு சுவீடன் கம்பெனிப் பெயரின் சுருக்கம்.

இதை உருவாக்கியவர் சமையல்காரர் அல்ல. இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கிய பொறியாளர். வெடிவிபத்தில் இரண்டு கண்களையும் இழந்தவர். பெயர் குஸ்தாஃப் டாலேன். பட்டாசும் தீப்பெட்டியும் செய்து வாழும் விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இவருடைய வாழ்க்கை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே புரியும்.

பால்பண்ணைப் பையன்

1869 நவம்பர் 30-ல் சுவீடனின் ஸ்டென்ஸ்டார்ப் என்ற ஊரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பைவிட எதையாவது பிரித்து மாட்டுவதில்தான் ஆர்வம். பழைய கடிகாரம் ஒன்றை வைத்து அவர் செய்த கருவி, விடிகாலையில் தானாகவே தீக்குச்சியை உரசி விளக்கேற்றி, காபியைச் சூடாக்கிவிட்டு, பிறகு அவரை எழுப்புமாம்.

குடும்பப் பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கு என்று கண்டுபிடிக்க ஒரு கருவி செய்தார். இன்றைக்கு நம்மூர் பால் கொள்முதல் நிலையத்தில் கொழுப்பைப் பார்த்து விலை போடுறாங்க இல்லையா, அதே தேவைதான். 1892-ல் அதைத் தூக்கிக்கொண்டு ஸ்டாக்ஹோம் போனார். பாலிலிருந்து கிரீமைப் பிரிக்கும் இயந்திரத்தால் புகழ்பெற்ற குஸ்தாஃப் டி லவாலிடம் காட்டினார். அதே மாதிரி ஒன்றை லவால் ஏற்கெனவே செய்து முடித்திருந்தார். கருவி விற்கவில்லை. ஆனா பையனின் மூளை லவாலுக்குப் பிடித்துப்போனது. முதலில் போய்ப் படி என்று அனுப்பிவைத்தார்.

டாலேன் கோதன்பர்க்கின் சால்மர்ஸ் கல்லூரியில் படித்து 1896-ல் பொறியாளர் ஆனார். பிறகு சூரிச்சில் ஓராண்டு. ஊர் திரும்பியவர் கையிலெடுத்தது அசிட்டிலீன் வாயுவை.

கார்பைடு கல்லும் ஆபத்தான வாயுவும்

மாம்பழத்தைப் பழுக்கவைக்கத் தடையை மீறிச் சிலர் வைக்கும் கார்பைடு கல் தெரியும்தானே? அதன் மேல் தண்ணீர் பட்டால் வருவதுதான் அசிட்டிலீன். பளிச்சென்று வெள்ளை வெளிச்சம் தரும். கடலோர விளக்குகளுக்கு அருமையான எரிபொருள். சிக்கல் என்னன்னா, இதை அழுத்தி சிலிண்டரில் அடைத்தால் காற்றே இல்லாமல்கூட தானாக வெடிக்கும்.

அசிட்டோன் என்ற திரவத்தில் இந்த வாயு நிறையவே கரையும் என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். அந்தத் திரவத்தை நுண்துளைகள் கொண்ட ஒரு பொருளில் ஊறவைத்து சிலிண்டருக்குள் நிரப்பினால், வாயு சேர்ந்து நிற்க வெற்றிடம் கிடைக்காது. ஆனா வண்டியில் ஏற்றி இறக்கும் குலுக்கலில் அந்தப் பொருள் உதிர்ந்து இடைவெளி விழுந்துவிடும். அந்த இடைவெளியில் ஆபத்து உட்கார்ந்திருக்கும். எவ்வளவு குலுக்கினாலும் உதிராத ஒரு கலவையை டாலேன் உருவாக்கினார்.

இன்றும் கேஸ் வெல்டிங் கடைகளில் 'டிஏ சிலிண்டர்' என்று சொல்கிறார்களே, அதற்குள் இருப்பதும் இதே ஏற்பாடுதான்: நுண்துளைப் பொருள், அதில் ஊறிய அசிட்டோன், அதில் கரைந்த அசிட்டிலீன்.

வெயில் வந்தால் அணையும் விளக்கு

அடுத்து, வாயுவை மிச்சம் பிடிக்கும் வேலை. விளக்கு இடைவிடாமல் எரியாமல், விட்டு விட்டு மின்னும்படி ஒரு கருவி செய்தார். பிறகு 1907-ல் 'சூரிய வால்வு'. இதில் பளபளப்பான உலோகக் கம்பிகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கம்பி இருக்கும். பகலில் கறுப்புக் கம்பி வெளிச்சத்தை உறிஞ்சிச் சூடாகி நீளும். வாயு வரும் வழி அடைபடும். இருட்டியதும் அது சுருங்கும், வழி திறக்கும், விளக்கு எரியும். மின்சாரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம். நடுக்கடல் பாறைகளிலும் மிதவைகளிலும் மாதக்கணக்கில் விளக்குகள் தாமாக இயங்கத் தொடங்கின.

1909-ல் டாலேன் 'ஆகா' நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ஆனார்.

1912 செப்டம்பர்

சிலிண்டருக்கு வெளியே தீப்பிடித்தால் உள்ளே என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை தேடி, சிலிண்டர்களைச் சூடாக்கிப் பாதுகாப்புச் சோதனை நடத்திக்கொண்டிருந்தார் டாலேன். 1912 செப்டம்பரில் அப்படி ஒரு சோதனையில் சிலிண்டர் வெடித்தது. உடலெங்கும் கடுமையான காயம். உயிர் பிழைத்தார், ஆனா இரண்டு கண்களிலும் பார்வை போய்விட்டது. அப்போது வயது 42.

அதே ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. ஐன்ஸ்டைனுக்கே 1921-ம் ஆண்டுக்கான பரிசுதான் கிடைத்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். விழாவுக்குப் போகும் நிலையில் டாலேன் இல்லை. அவர் சார்பில் பரிசை வாங்கியவர் அண்ணன் ஆல்பின் டாலேன். ஆல்பின் ஒரு கண் மருத்துவப் பேராசிரியர்.

கொஞ்ச காலத்தில் டாலேன் வேலைக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு 25 ஆண்டுகள், சாகும்வரை, பார்வை இல்லாமலேயே கம்பெனியை நடத்தினார்.

அடுப்பு எப்படி வந்தது?

வீட்டில் இருந்த நாட்களில், மனைவி எல்மா நாள் முழுக்க அடுப்பை விட்டு நகர முடியாமல் இருப்பதை டாலேன் உணர்ந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. விறகு தள்ளணும், கரி போடணும், தீ ஏறினால் குறைக்கணும், குறைந்தால் ஏற்றணும். 1922-ல் இதற்கு விடையாக அவர் கொண்டுவந்ததுதான் ஆகா அடுப்பு.

சரி, அது எப்படி வேலை செய்யுது?

நம்ம வீட்டு தோசைக்கல்லை எடுத்துக்குவோம். மெல்லிய தவாவில் மாவை ஊற்றினால் சட்டென்று சூடு இறங்கிடும். கனமான இரும்புக் கல் சூடாக நேரம் எடுக்கும், ஆனா ஒரு தடவை சூடானால் நாலு தோசை வார்த்தாலும் அசராது. வெப்பம் தீயில் மட்டும் இல்லை, கல்லிலும் சேமிப்பாக இருக்கிறது. டாலேன் அடுப்பையே ஒரு பெரிய தோசைக்கல்லாக மாற்றினார்.

உள்ளே சின்னதாக ஒரே ஒரு தீ, 24 மணி நேரமும் கனன்றுகொண்டிருக்கும். அந்த வெப்பம் கனமான வார்ப்பிரும்புக்குள் மெதுவாக ஏறும். சுற்றிலும் தடிமனான வெப்பக் காப்பு. மேலே உள்ள இரண்டு தட்டுகளில் ஒன்று தீக்கு நேர் மேலே, கொதிக்கவைக்க. இன்னொன்று சற்றுத் தள்ளி, சிம்மில் வைக்கிற மாதிரி. இதில் தீயைக் கூட்டிக் குறைக்க வேண்டியதில்லை, பாத்திரத்தைத்தான் நகர்த்தணும். சமைத்து முடித்ததும் தட்டின் மேல் கனமான மூடியைப் போட்டால் சூடு உள்ளேயே தங்கும். தீயின் அளவைத் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும்.

எவ்வளவு வெப்பம் தங்கும்? ஒரு கணக்குப் போடலாம். 300 கிலோ இரும்பை 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், அதில் சேரும் ஆற்றல் ஏறத்தாழ 7.5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க 0.08 யூனிட் போதும். அதாவது, வெப்ப இழப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவு ஆற்றல் அந்த இரும்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

மின்சாரத்துக்கு மாறியபோது

முதலில் நிலக்கரி, பிறகு எண்ணெய், கேஸ் என்று மாறிய இந்த அடுப்பு கடைசியில் மின்சாரத்துக்கும் வந்தது. பிரிட்டனில் 'எகானமி 7' என்று ஒரு கட்டணத் திட்டம் உண்டு. இரவில் 7 மணி நேரம் மின்சாரம் மலிவு. அந்த நேரத்தில் ஹீட்டர் ஓடி, அடுப்பின் நடுவில் உள்ள கனமான பகுதியைச் சூடாக்கிவிடும். மறுநாள் அந்தச் சேமிப்பிலிருந்தே தட்டுகளுக்கும் அவன்களுக்கும் வெப்பம் போகும். ராத்திரி விலை குறைவாக இருக்கும்போது வாங்கி வைத்து, பகலில் செலவு பண்ணும் கணக்கு.

விருதுநகர் வீட்டுக்கு இது சரிப்படுமா? அப்படியே வாங்கி வைத்தால் கஷ்டம்தான். குளிர்நாட்டில் இந்த அடுப்பு சமையலறையையும் சேர்த்துச் சூடாக்கும், அது அங்கே வரம். சித்திரை வெயிலில் நம்ம சமையலறையில் அது தண்டனை. எப்போதும் சூடாக இருக்க எப்போதும் ஆற்றல் செலவாகும் என்பதால், இதன் எரிபொருள் செலவு பற்றி மேலை நாடுகளிலேயே விமர்சனம் உண்டு. அதனால்தான் தேவைப்படும்போது மட்டும் இயக்கும் புதிய மாடல்கள் வந்தன.

ஆனா யோசனை செல்லும். 2023-ல் ஒன்றிய அரசு திருத்திய மின் விதிகள், சூரிய ஒளி நேரத்தில் கட்டணத்தைக் குறைத்து, உச்ச நேரத்தில் கூட்டச் சொல்கின்றன. ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு வீடுகளுக்கும் இது பொருந்தும். அப்படி நடந்தால், மதிய வெயிலின் மலிவு மின்சாரத்தை வெப்பமாகச் சேர்த்து ராத்திரி சமையலுக்கு வைத்துக்கொள்வது நமக்கும் ஒரு வழியாகலாம்.

ஒரே மண், மூன்று வேலை

டாலேன் கதையில் ஒரு பொருள் திரும்பத் திரும்ப வருகிறது. பெயர் கீசல்கர். நீர்வாழ் நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உருவான, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த லேசான மண். தொட்டாலே வெடிக்கும் நைட்ரோகிளிசரினை இந்த மண்ணில் ஊறவைத்துத்தான் ஆல்ஃபிரட் நோபல் 1867-ல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அசிட்டிலீனை அடக்கிய டாலேனின் கலவையிலும் இது உண்டு. ஆகா அடுப்பைச் சுற்றி வெப்பத்தைப் பிடித்துவைத்ததும் இதே மண்தான்.

சிவகாசிக்கு இதில் என்ன இருக்கு?

சுவீடனுக்கும் சிவகாசிக்கும் பழைய தொடர்பு உண்டு. பாதுகாப்புத் தீப்பெட்டியை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்த நாடு சுவீடன். டாலேன் அடுப்பு செய்த அதே 1920-களின் தொடக்கத்தில்தான், சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். பட்டாசுத் தொழில் அதன் பின்னால் வந்தது. இன்றைக்குப் பட்டாசு ஆலைக்கு உரிமம் தரும் ஒன்றிய அரசின் 'பெசோ' அமைப்புதான் அசிட்டிலீன் சிலிண்டர் விதிகளையும் பார்க்கிறது.

டாலேன் பார்வை இழந்து சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 2012 செப்டம்பர் 5-ல், சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று விதிகள் அப்போதும் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. உராய்வும் வெயிலும் சேர்ந்தால் மருந்துக் கலவை அறையில் என்ன நடக்கும் என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. விபத்துகள் மட்டும் நிற்கவில்லை. 2025 தீபாவளி சமயத்தில் மத்தியப் பிரதேசத்தில் 'கார்பைடு துப்பாக்கி' வெடித்து 100-க்கும் மேற்பட்டோர் கண் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார்கள். பலர் சிறுவர்கள். அதில் வெடித்ததும் அசிட்டிலீன்தான்.

டாலேனுக்கும் இவர்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கம்பெனித் தலைவரான டாலேன், ஆபத்து எங்கே இருக்கு என்று கண்டுபிடிக்கத் தானே சிலிண்டர் பக்கத்தில் போய் நின்றார். காயம்பட்ட பிறகு அவருடைய நாற்காலி அவருக்காகக் காத்திருந்தது. மருந்து அறையில் கையோ கண்ணோ போன கூலித் தொழிலாளிக்கு அடுத்த வாரச் சம்பளமே கேள்விக்குறி. பார்வை போன பிறகும் ஒரு மனிதர் என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு டாலேன் சாட்சி. அதற்கு அவருடைய மூளை மட்டும் போதுமானதாக இருக்கவில்லை, திரும்பி வர ஒரு வேலையும் தாங்கிப் பிடிக்க ஆட்களும் இருந்தார்கள்.

1937 டிசம்பர் 9-ல், ஸ்டாக்ஹோம் அருகே லிடிங்கோவில் தன் வீட்டில் டாலேன் காலமானார். வயது 68. பல பத்தாண்டுகள் கடல்களைக் காத்த அவருடைய சூரிய வால்வுகளின் இடத்தை இன்று மின்விளக்குகளும் சோலார் பேனல்களும் பிடித்துவிட்டன. அவர் பார்க்காமலேயே உருவாக்கிய அடுப்பு மட்டும் இன்னும் விற்பனையில் இருக்கிறது.